வேலிக்கு வெளியே பிறக்கும் பகை

பயிர்களுக்குக் கேடு செய்யும் அந்துப்பூச்சிகளுள் பெரும்பாலானவை புழுப் பருவத்திலேயே அக்கேட்டைச் செய்கின்றன. நெற்பயிரின் தண்டைக் குடைவதும் பருத்திக் காயைத் துளைப்பதும் புழுக்களே. சிறகு முளைத்த அந்து, பூந்தேனை அருந்தியோ ஏதும் உண்ணாமலோ சில நாள் வாழ்ந்து, முட்டையிட்டு மடிகிறது. எலுமிச்சை இன மரங்களிலும் பெரும்பாலும் இதே நிலைதான். இளந்தளிரில் வெள்ளிக் கோடு வரைந்தாற்போல் வளைந்து செல்லும் சுரங்கத்தை அமைப்பது இலைச் சுரங்கப் பூச்சியின் புழு. கிளைக் கவட்டில் பட்டையைத் தின்று, தன் எச்சத்தையும் மரத்தூளையும் நூலால் பின்னி மறைப்பாக இட்டுக்கொண்டு வாழ்வதும் மற்றோர் அந்துவின் புழுவே.

இதற்கு நேர்மாறான இயல்பு கொண்ட ஒரு கூட்டமும் உண்டு. அதன் புழு ஆரஞ்சு மரத்தின் ஓர் இலையைக்கூடத் தின்பதில்லை. அம்மரத்தில் அது வாழ்வதே இல்லை. சிறகு முளைத்து வளர்ச்சியடைந்த பின்னரே அந்து இரவில் தோட்டத்துள் நுழைந்து, பழுக்கத் தொடங்கிய கனியைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சுகிறது. இதுவே பழம் உறிஞ்சும் அந்துப்பூச்சி எனப்படுவது. பூச்சி பிறந்து வளரும் இடமும் அது அழிவு செய்யும் இடமும் வெவ்வேறாக இருக்கும் இந்த ஒரு செய்தியை மறந்துவிட்டு வகுக்கப்படும் எந்தத் தடுப்பு முறையும் பயன் தருவதில்லை. நம் நாட்டின் ஆரஞ்சுத் தோட்டங்களில் இன்றும் செலவாகும் மருந்திலும் உழைப்பிலும் ஒரு பகுதி வீணாவதற்கு இம்மறதியே காரணம்.

பூச்சியின் தோற்றமும் கருவியும்

இக்கூட்டத்தில் பல இனங்கள் உள்ளன. அவற்றுள் இந்தியாவில் முதன்மையானவை யூடோசிமா மெட்டர்னா, யூடோசிமா ஃபலோனியா, யூடோசிமா ஹோமேனா என்னும் மூன்றாகும். முதல் இரண்டும் 18ஆம் நூற்றாண்டிலேயே, லின்னேயஸ் காலத்திலேயே பெயரிடப்பட்டவை. பழைய வேளாண்மை நூல்களில் இவை ஒத்ரைஸ் என்னும் பேரினப் பெயரால் குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். சிறகை விரித்தால் ஏறக்குறைய 8 முதல் 10 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். முன்சிறகு காய்ந்த சருகின் நிறமும் சாயலும் கொண்டது. அந்து சிறகை மடக்கி அமர்ந்திருக்கும்போது சருகு எது, பூச்சி எது என்று பிரித்தறிவது கடினம். பின்சிறகோ பளிச்சென்ற மஞ்சள் கலந்த செந்நிறம். அதன்மேல் கரும்புள்ளியோ கரும்பட்டையோ இனத்திற்கேற்ப அமைந்திருக்கும்.

ஏனைய அந்துப்பூச்சிகளின் உறிஞ்சு குழல் மெல்லியது. மலரின் உட்புறம் நுழைந்து தேனை எடுக்க மட்டுமே உதவுவது. இவ்வினங்களின் குழலோ தடித்து, நுனி கூராகி, பற்களையும் கொக்கிகளையும் கொண்டிருக்கிறது. 1875ஆம் ஆண்டில், சார்லஸ் டார்வினின் மகனும் தாவரவியல் அறிஞருமான ஃபிரான்சிஸ் டார்வின், ஆரஞ்சுப் பழத்தை உறிஞ்சும் இவ்வகை அந்து ஒன்றின் குழலை நுண்பெருக்கியின் கீழ் ஆராய்ந்து, அதன் அமைப்பை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பகுதியில் பழத்தோலை இந்த அந்து தானே துளைக்கிறது என்ற செய்தி அறிஞர்களுக்குப் பெருவியப்பை அளித்த காலம் அது. குழலின் இரு பாதிகளும் மாறி மாறி முன்னும் பின்னும் நகர்ந்து, வாள் அறுப்பதுபோல் தோலை அறுத்து உட்செல்கின்றன. இக்கருவியின் வலிமைக்கு வேறொரு சான்றும் உண்டு. 1960களில் ஹான்ஸ் பென்சிகர் என்னும் சுவிஸ் நாட்டுப் பூச்சியியல் அறிஞர், இவற்றுக்கு நெருங்கிய உறவுடைய அந்து ஒன்று விலங்கின் தோலைத் துளைத்து இரத்தத்தை உறிஞ்சுவதை மலாயாவில் கண்டறிந்தார். விலங்கின் தோலையே துளைக்கவல்ல கருவிக்கு ஆரஞ்சின் தோல் ஒரு தடையாகாது.

துளை மிகச் சிறியது; ஊசி குத்தியதுபோல் இருக்கும். அன்றிரவு சாறு பறிபோவதனால் நேரும் இழப்பு அற்பமே. பின்னர் வருவதே பேரிழப்பு. அத்துளை வழியே பூசணமும் நுண்ணுயிர்களும் உட்புகுகின்றன. துளையைச் சுற்றித் தோல் நிறம் மாறி மெத்தென்று ஆகிறது. பழத்தை அழுத்தினால் புளித்த சாறு துளை வழியே பீச்சிடும். சில நாட்களில் பழம் உதிர்ந்துவிடும். தாமாகத் துளைக்கும் ஆற்றல் அற்ற வேறு பல அந்துக்களும், அவற்றுள் ஆமணக்கு இலையைத் தின்னும் புழுவிலிருந்து தோன்றும் அந்துவும், முன்பே துளைபட்ட பழங்களை நாடி வந்து சேதத்தைப் பெருக்குகின்றன. பறிக்கும் நாளுக்கு முந்திய இரவில் துளைபட்ட பழம் கண்ணுக்கு நல்ல பழம்போலவே தோன்றும். அது பெட்டியில் அடுக்கப்பட்டுத் தொலைவிலுள்ள சந்தைக்குச் செல்லும் வழியில் அழுகி, தன்னைச் சூழ்ந்த பழங்களையும் கெடுக்கிறது. வணிகர் விலையைக் குறைக்கிறார். இழப்பு பயிரிட்டவன் தலையில் விழுகிறது.

கொடியில் தொடங்கும் வாழ்க்கை

இந்த அந்துவின் தாய் தன் முட்டைகளை ஆரஞ்சு மரத்தில் இடுவதில்லை. சீந்தில், கட்டுக்கொடி முதலிய ஒரே குடும்பத்தைச் சேர்ந்த காட்டுக் கொடிகளின் இலைகளே அதற்கு ஏற்றவை. சீந்தில் கொடியைத் தமிழ் மருத்துவம் அறிந்தவர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அமிர்தவல்லி என்று பெயர் பெற்ற அதன் தண்டிலிருந்து எடுக்கப்படும் சீந்தில் சர்க்கரை சித்த வைத்தியர்களின் கைமருந்துகளுள் ஒன்று. கட்டுக்கொடியின் இலையைக் கசக்கி நீரில் பிழிந்தால் நீர் கட்டியாக உறைவதைச் சிற்றூர்ச் சிறுவரும் அறிவர். வேலி, ஓடைக்கரை, தரிசு, காட்டோரம் ஆகிய இடங்களில் இவை தாமே படர்கின்றன.

முட்டையிலிருந்து சில நாட்களில் வெளிவரும் புழு இக்கொடிகளின் இலையைத் தின்று வளர்கிறது. அதன் உடலின் இருபுறமும் பெரிய கண்களைப் போன்ற புள்ளிகள் உள்ளன. அச்சம் நேரும்போது தலையைக் கவிழ்த்து உடலை வளைத்து நிற்கும். அப்போது அக்கண் புள்ளிகள் பறவைகளை மருட்டும் தோற்றத்தைத் தருகின்றன. ஏறக்குறைய இரண்டு அல்லது மூன்று வாரத்தில் முழு வளர்ச்சி பெற்று, இலைகளை நூலால் இணைத்து அதனுள் கூட்டுப்புழுவாகிறது. மேலும் இரண்டு வாரம் போலக் கழிந்ததும் அந்து வெளிப்படுகிறது. முட்டை முதல் அந்து வரை ஒரு தலைமுறை முடிய ஒரு மாதம் அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட காலமே ஆகிறது.

இக்கால அளவையும் மழையையும் ஆரஞ்சின் பருவத்தையும் ஒருங்கே வைத்து நோக்கினால், மத்திய இந்தியாவின் தோட்டங்களில் நிகழ்வது யாது என்பது தெளிவாகும். மகாராஷ்டிரத்தின் விதர்ப்பப் பகுதியில் நாக்பூர், அமராவதி, வர்தா மாவட்டங்களும், அவற்றை ஒட்டி மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாடாப் பகுதியும் நாக்பூர் ஆரஞ்சுக்குப் பேர்போனவை. அங்கு மரம் ஆண்டில் இரு பருவங்களில் பூக்கவல்லது. குளிர்காலத்தின் இறுதியில் பூத்து, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பறிக்கப்படும் விளைச்சலுக்கு அம்பியா என்று பெயர். தென்மேற்குப் பருவமழையின் தொடக்கத்தில் பூத்து, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பறிக்கப்படுவது மிருக் விளைச்சல்.

ஜூன் மாதத்தில் மழை தொடங்கியதும் சத்புரா மலைச்சாரலிலும் தோட்ட வேலிகளிலும் கோடையில் இலையுதிர்ந்து நின்ற கொடிகள் தழைக்கின்றன. புழுக்கள் பெருகுகின்றன. ஒன்றிரண்டு தலைமுறைகள் முடிந்து அந்துக்கள் மிகுதியாக வெளிவரும் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையிலான காலமும், அம்பியாப் பழங்கள் பருத்து நிறம் மாறும் காலமும் ஒன்றாகி விடுகின்றன. ஒன்பது மாத நீரும் எருவும் உழைப்பும் ஏற்று முதிர்ந்த பழம், பறிப்பதற்குச் சில வாரங்களே இருக்கும் நிலையில் இரவோடிரவாகக் கெடுகிறது. மிருக் விளைச்சல் முதிரும் காலத்தில் அந்துக்கள் அருகிவிடுவதால் அது பெரிதும் தப்புகிறது. ஆனால் எல்லோரும் அம்பியாவை விட்டு மிருக்கிற்கு மாறலாமே என்பது ஏட்டளவில் மட்டும் எளிது. எந்தப் பருவத்தைக் கொள்வது என்பது கிணற்றின் நீர், மழையின் போக்கு, சந்தையின் விலை ஆகியவற்றைப் பொறுத்தது. ஒரு பூச்சிக்காக மட்டும் அதை முடிவு செய்ய இயலாது.

மரத்திற்கு மருந்து ஏன் உதவாது?

பழம் உதிரக் கண்டதும் தெளிப்பானை எடுப்பது பயிரிடுவோரின் இயல்பு. இப்பூச்சியைப் பொறுத்தவரை அதனால் விளையும் நன்மை மிகச் சிறிது. காரணங்கள் மூன்று.

முதலாவது, இலையிலும் தோலிலும் படிந்த நஞ்சு, அதைத் தின்னும் பூச்சியையே சிறப்பாகக் கொல்லும். அந்துவோ தன் குழலைத் தோலுக்குள் செலுத்தி உட்சாற்றையே அருந்துகிறது. மேலே படிந்த மருந்து அதன் வயிற்றை அடைவதில்லை. இரண்டாவது, அந்து தோட்டத்தில் தங்கி வாழ்வதில்லை. இருட்டிய பின் வருகிறது. சில மணி நேரம் உண்கிறது. விடியுமுன் சென்று பகலில் சருகுகளிடையே மறைகிறது. இன்று சில அந்துக்கள் மடிந்தாலும் நாளை இரவு காட்டிலிருந்து வேறு அந்துக்கள் வரும். மூன்றாவது, தெளிக்கும் காலம் பறிக்கும் காலத்தை ஒட்டியது. மருந்து தெளித்ததற்கும் பழம் பறிப்பதற்கும் இடையே விடவேண்டிய நாட்களை விடாமற்போனால் நஞ்சின் எச்சம் உண்பவருடைய உடலுக்குச் செல்கிறது.

இவற்றோடு வேறொரு தீங்கும் சேர்கிறது. ஆரஞ்சு மரத்தில் செதிற்பூச்சி, மாவுப்பூச்சி, தளிர்களின் சாற்றை உறிஞ்சும் சில்லா முதலியவற்றைப் பொறிவண்டுகளும் சிறு குளவிகளும் தின்றும் அழித்தும் அளவில் வைத்துள்ளன. அந்துவை நோக்கி வீசப்பட்ட நஞ்சு அந்துவைத் தவறவிட்டு இந்நட்புயிர்களைக் கொல்கிறது. அடுத்த பருவத்தில் செதிற்பூச்சி பெருகுகிறது. அதற்கு மேலும் மருந்து தேவைப்படுகிறது. இல்லாத இடத்தில் எதிரியைத் தேடிச் சென்று, இருந்த துணையையும் இழப்பதற்கு ஒப்பானது இது. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற மருந்துப் பொட்டலத்தின்மேல் எப்பயிரில் எப்பூச்சிக்கு உரியது என்று அச்சிடப்பட்டிருக்கும் குறிப்பை வாங்குபவரும் விற்பவரும் படித்தாலே இவ்வீண்செலவில் ஒரு பகுதி குறையும்.

கொடியை வேரறுப்பது தீர்வாகுமா?

புழு கொடியில் வாழ்கிறது எனின் கொடியை அழித்துவிட்டால் போதுமே என்று தோன்றும். ‘தோட்டத்தைச் சுற்றியுள்ள சீந்தில் கொடிகளை அழிக்கவும்’ என்ற வரி பயிர்ப் பாதுகாப்புக் கையேடுகளில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. வரப்பிலும் வேலியிலும் உள்ள கொடியை நீக்குவது ஓரளவு நன்மை தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இவ்வறிவுரையை எல்லையின்றி விரிப்பது சரியன்று.

சீந்திலின் இயல்பே வெட்டிச் சாவதை ஏற்பதாக இல்லை. வெட்டி மரத்தில் தொங்கவிட்ட தண்டும் நூல்போன்ற விழுதுகளை நிலம் நோக்கி விட்டு மீண்டும் உயிர்க்கிறது. அமிர்தம் என்னும் பெயர் அதற்கு வாய்த்தது பொருத்தமே. வேலியில் வெட்டிய தண்டை வேலியருகிலேயே எறிபவர் அதை அழிப்பதாக எண்ணி நட்டுவிட்டே செல்கிறார். மேலும், இந்த அந்து வலிமையாகப் பறக்கவல்லது. பத்துத் தோட்டங்களில் கொடியை நீக்கினாலும், மலைச்சாரலில் உள்ள கொடியிலிருந்து அந்து வந்து சேரும். காட்டிலுள்ள கொடிகளை அழிப்பது இயலாது, இயன்றாலும் செய்யத்தக்கதன்று. காடு பூச்சியின் பிறப்பிடம் மட்டுமன்று. பூச்சியை அழிக்கும் குளவிகளுக்கும் பறவைகளுக்கும் அதுவே பிறப்பிடம்.

அன்றியும், சீந்தில் பொருள்மதிப்புள்ள மூலிகை. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவிய காலத்தில் அதன் தேவை நாடெங்கும் பெருகியது. அக்கொடியை வீடுகளிலும் நிலங்களிலும் வளர்க்குமாறு மருத்துவத் துறையினர் ஊக்குவித்தனர். இவ்வாறு ஒரு துறை நடச் சொல்லும் கொடியை மற்றொரு துறை பிடுங்கச் சொல்கிறது. இருதுறையினரும் கலந்து பேசினால் முரண்பாட்டைத் தீர்ப்பது கடினமன்று. ஆரஞ்சு மிகுந்த வட்டாரங்களில் சீந்திலை வணிகப் பயிராக வளர்க்கத் தூண்டாமல், தோட்டங்கள் இல்லாத வட்டாரங்களில் அதை வளர்ப்பதே முறை. முன்பே கொடி உள்ள இடத்தில் தண்டை முற்றிலும் அகற்றி மருந்துக் கடைக்கு விற்றால், அழிக்கும் செலவு வருவாயாகவும் மாறலாம்.

பிற முறைகளை எடைபோடல்

வழக்கில் உள்ள ஏனைய முறைகளையும் உள்ளவாறே மதிப்பிடுதல் வேண்டும். பழத்திற்கு உறையிடுவது திண்ணமான காப்பு. மாதுளைபோல் மரத்திற்குச் சில பழங்களே இருக்குமிடத்தில் அது எளிது. 6 மீட்டர் இடைவெளியில் நடப்பட்ட ஆரஞ்சுத் தோட்டத்தில் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 277 மரங்கள் நிற்கும். மரத்திற்கு 400 பழங்கள் எனக் குறைத்துக் கொண்டாலும் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட உறைகள் தேவை. அத்தனை உறைகளைக் கட்டும் ஆட்கூலியைச் சிறு விவசாயி தாங்க மாட்டார். தோட்டம் முழுவதையும் வலையால் மூடுவதும் அத்தன்மைத்தே. வீட்டுத் தோட்டத்திற்கும் நாற்பது ஐம்பது மரங்களுக்கும் இவை ஏற்கலாம்.

மாலையில் புகைமூட்டம் இடுவது பழைய வழக்கம். காற்றில்லா இரவில் அது அந்துவை விலக்கும். ஆயினும் விலகிய அந்து பட்டினி கிடப்பதில்லை. புகையில்லாத அடுத்த தோட்டத்திற்குச் செல்கிறது. வெல்லப் பாகில் மருந்து கலந்து வைக்கும் நஞ்சூட்டிய இரை, மரத்தின்மேல் தெளிப்பதைவிட அறிவுக்குப் பொருந்தியது. ஏனெனில் அந்து அதனைத் தானே அருந்துகிறது. ஆனால் தோட்டமெங்கும் பழம் கனிந்து மணக்கும்போது வெல்லப்பாகின் கவர்ச்சி குறைந்துவிடும். ஆகவே பழம் நிறம் மாறத் தொடங்கும் முன்பே இரையை வைத்தல் வேண்டும். விளக்குப் பொறிக்கு இந்த அந்துக்கள் மற்றப் பூச்சிகளைப்போல் எளிதில் வருவதில்லை. இதற்கு மாறாக, ஜப்பானியர் 1960கள் முதல் மஞ்சள் ஒளி விளக்குகளைப் பழத்தோட்டங்களில் எரியவிட்டுப் பயன் கண்டுள்ளனர். அவ்வொளி அந்துவை இழுப்பதற்கன்று. பகல் என எண்ணி அது உண்ணாமல் அடங்கியிருக்கச் செய்வதற்கே. இரவு முழுவதும் தோட்டத்திற்கு மின்சாரம் கிடைக்கும் ஊர்களில் இம்முறையைச் சோதித்துப் பார்க்கலாம்.

எளியனவும் உண்டு. உதிர்ந்த பழங்களை நாள்தோறும் பொறுக்கிக் குழியிலிட்டு மூடுவது அவற்றுள் முதன்மையானது. புளித்த பழத்தின் மணமே அந்துக்களை அழைக்கிறது. கைவிளக்கின் ஒளியில் இந்த அந்துவின் கண்கள் செந்நெருப்புப் பொறிபோல் மின்னும். முன்னிரவில் இருவர் கைவிளக்கும் வலையும் கொண்டு மரந்தோறும் சுற்றி அவற்றைப் பிடித்து அழிக்க முடியும். பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் இவ்வேலை, தன் தோட்டத்தில் எந்த இனம் எத்தனை வருகிறது என்ற கணக்கையும் விவசாயிக்குத் தருகிறது.

பசிபிக் தீவுகள் தரும் பாடம்

பசிபிக் பெருங்கடல் தீவுகளிலும் இதே பூச்சி உண்டு. ஆனால் அங்கு அதன் புழு காட்டுக் கொடியை மட்டும் நம்பியிராமல், நம் நாட்டில் கல்யாண முருங்கை எனப்படும் மரத்தின் இனத்தைச் சேர்ந்த மரங்களின் இலையையும் தின்கிறது. நிழலுக்கும் வேலிக்கும் நட்ட மரங்களை எல்லாம் வெட்டிவிடும்படி மக்களிடம் கூற முடியாது. எனவே அறிஞர்கள் முட்டையை நாடினர். பாப்புவா நியூகினியில் இவ்வந்துவின் முட்டைகளுக்குள் தம் முட்டையை இட்டு அழிக்கும் நுண்ணிய குளவியினங்கள் கண்டறியப்பட்டு, சமோவா, டோங்கா முதலிய தீவுகளில் விடப்பட்டன. கண்ணுக்குத் தென்படாத அளவினவாகிய இக்குளவிகள் தாமே முட்டைகளைத் தேடிச் செல்கின்றன, ஆட்கூலி கேட்பதில்லை.

இந்தியாவிலும் இத்தகைய முட்டைக் குளவிகள் இயற்கையாகவே உள்ளன. குளவி தாக்கிய முட்டை கருமை அடையும். அதனின்று புழு வெளிவராது. கொடியைக் கண்ட இடமெல்லாம் மருந்தடிப்பவரும் தீயிடுபவரும் இக்கருமுட்டைகளையும் சேர்த்தே அழிக்கின்றனர். நம் நாட்டில் எந்த மாதத்தில், எந்தக் கொடியில், எத்தனை விழுக்காடு முட்டைகளைக் குளவிகள் அழிக்கின்றன என்பதை வட்டாரந்தோறும் ஆண்டுதோறும் கணக்கிட்டு விவசாயிக்கு அறிவிக்கும் ஏற்பாடு இன்றியமையாதது.

செய்யத்தக்கவை

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்க்கும்போது பெறப்படும் முடிவு ஒன்றே. இப்பூச்சியைப் பொறுத்தமட்டில், தடுப்பு வேலைக்குரிய அலகு தனி ஒருவரின் தோட்டம் அன்று. தோட்டங்கள், வேலிகள், ஓடைக்கரைகள், காட்டோரம் ஆகிய அனைத்தும் அடங்கிய சிற்றூர் முழுமையுமே அவ்வலகு. தனியொருவர் தம் செலவில் செய்யும் எதுவும் அண்டை நிலத்தின் அசட்டையால் வீணாகும். ஊர்கூடிச் செய்வதற்கு வழி வகுப்பதே அரசின் கடமை.

இதற்குப் பெருந்திட்டம் ஒன்றும் தேவையில்லை. ஜூலை மாதத் தொடக்கத்திலிருந்து கொடிகளைப் பார்வையிட்டாலே போதும். கண்புள்ளிகளைக் கொண்ட புழுக்கள் கொடியில் மிகுந்தால், இரண்டு மூன்று வாரத்தில் அந்துக்கள் வெளிவரும் என்று உறுதியாகக் கூறலாம். அந்த இடைவெளி இரையைத் தயாரிக்கவும், ஊராரைத் திரட்டவும், முதிர்ந்த பழத்தை முன்கூட்டிப் பறிக்கவும் போதிய காலம் தரும். புழுக்களைக் கையால் பொறுக்கி அழிப்பதும், கருமுட்டைகளைத் தொடாமல் விடுவதும் பள்ளி மாணவருக்கும் எளிதில் கற்பிக்கக்கூடியவை. இவ்வகையில் நோக்கினால், வேலியோரத்துச் சீந்தில் பகைவனுக்கு இடந்தரும் கொடியாக இருப்பதோடு, பகைவனின் வரவை முன்னரே காட்டும் காவற்கொடியாகவும் அமையும். முழுவதையும் அழித்துவிட்டால் அந்து வரும். வருகிறது என்று அறிவிக்க மட்டும் எதுவும் இராது.

இப்பார்வையிடும் பணிக்கு ஆள் இல்லை என்று கூறுவதற்கில்லை. 1974ஆம் ஆண்டில் புதுச்சேரியில் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட வேளாண் அறிவியல் நிலையம் என்னும் அமைப்பு, இன்று நாட்டின் மாவட்டங்கள் எங்கும் பரவியுள்ளது. நாக்பூரில் எலுமிச்சை இனப் பயிர்களுக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. ஆராய்ச்சி நிலையம் முறையை வகுக்க, மாவட்ட நிலையங்கள் வாரந்தோறும் புழுக் கணக்கை எடுத்து ஊர்ப்பலகையிலும் கைப்பேசியிலும் அறிவிக்க, வனத்துறை காட்டோரத்தில் பார்வையிட இசைவு தர, மூன்றும் இணைந்தால் போதும். மழைக்கு வானிலை அறிக்கை இருப்பதுபோல் அந்துவுக்கும் ஓர் அறிக்கை இருத்தல் வேண்டும்.

கோயம்புத்தூரில் பூச்சியியல் பணியாற்றிய டி. வி. இராமகிருஷ்ண ஐயர் 1940ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் பயிர்ப் பூச்சிகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கையேட்டை வெளியிட்டார். பூச்சியின் வாழ்க்கையை முதலில் அறிந்து, அதன் பின்னரே அதனைத் தடுக்கும் முறையை வகுக்கவேண்டும் என்னும் நெறியில் வளர்ந்த தலைமுறை அது. அக்காலத்தில் கையில் மருந்துகள் குறைவு. ஆகையால் பூச்சியை அறிவது தவிர வேறு வழியில்லை. பின்னர் மருந்துகள் பெருகின. அறியும் பொறுமை குறைந்தது. பழம் உறிஞ்சும் அந்துவின் முன் அம்மருந்துகள் பெரிதும் பயனற்றுப் போவதால், பழைய நெறிக்கே மீள வேண்டியுள்ளது.

விதர்ப்பத்து ஆரஞ்சு விவசாயிக்கு அக்டோபர் மாதம் என்பது கடனை அடைக்கும் மாதம். அவ்வேளையில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைக் கண்டு அவர் மரத்தை நோக்குவது இயற்கை. அவரது பார்வையை மூன்று மாதம் முன்னதாக, ஜூலை மாதத்து வேலியின் பக்கம் திருப்புவதே விஞ்ஞானம் அவருக்குச் செய்யக்கூடிய பேருதவியாகும்.